சுவிட்சர்லாந்தில் பிறவாத சுவிஸ் நோய்

நன்னூலார் பெயர்ச்சொல்லை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்ததைப் பள்ளியில் தமிழ் பயின்ற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மரம் இடுகுறி, பறவை காரணம். இவ்விரண்டுக்கும் நடுவே காரண இடுகுறி என்றொரு வகையையும் உரையாசிரியர்கள் காட்டுவர். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு முள்ளி. முள் உடைமையால் முள்ளி. ஆயினும் முள்ளுடைய செடியெல்லாம் முள்ளி ஆவதில்லை. சரி, காரணமே பிழையாகிப் போன பின்னும் வழக்கில் நிலைத்துவிட்ட பெயரை எந்த வகையில் சேர்ப்பது?

மரநோய் நூல்களில் அப்படியொரு பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதனை 'சுவிஸ் நீடில் காஸ்ட்' என்பர். சுவிஸ் ஊசியிலை உதிர்வு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரத்தைத் தாக்கும் நோய் இது. நோயைத் தருவது கரிய நிறமுடைய ஒரு நுண்பூஞ்சை. அந்த மரமும் சுவிட்சர்லாந்தினது அன்று, பூஞ்சையும் அன்று. இரண்டுமே வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தவை. இப்பூஞ்சையை இன்னது என்று இனங்காண அறிஞர்கள் ஏறத்தாழ 90 ஆண்டுகள் முயன்ற கதை, அறிவியல் வரலாற்றில் ஒரு சிறு கிளைக்கதைதான். எனினும் பெயரிடுதல், வகைப்படுத்துதல் என்பவற்றில் ஆர்வமுடைய தமிழ் மாணவர்களுக்கு இதில் சுவை உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் மரத்தின் கதை. இங்கிலாந்துக் கடற்படையைச் சேர்ந்த வான்கூவரின் கப்பற்பயணத்தில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் சென்ற ஆர்ச்சிபால்ட் மென்சீஸ், 1790களின் தொடக்கத்தில் இம்மரத்தின் மாதிரிகளைச் சேகரித்தார். பிறகு லண்டன் தோட்டக்கலைச் சங்கம் அனுப்பிய டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1825இல் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தை அடைந்து, இதன் விதைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். (டக்ளஸின் முடிவு துயரமானது. 1834இல் ஹவாய்த் தீவில், காட்டுமாடுகளைப் பிடிக்கத் தோண்டியிருந்த குழிக்குள், ஏற்கெனவே ஒரு காளை விழுந்து கிடந்த நிலையில், அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது.)

இம்மரத்தை எதனோடு சேர்ப்பது என்பதே தாவரவியலாருக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. பைன் என்றனர், ஃபிர் என்றனர், ஸ்புரூஸ் என்றனர். ஃபிர் மரத்தின் கூம்புக்காய் கிளைமேல் நிமிர்ந்து நின்று, அங்கேயே செதில் செதிலாக உதிரும். இதன் காயோ கீழ்நோக்கித் தொங்கி, முழுதாக விழும். செதில்களுக்கு இடையே மூன்று நாக்குகள் போலப் பிளந்த சிற்றிலைகள் எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு காய் வேறெந்த மரத்திலும் இல்லை. கடைசியில் 1867இல் காரியேர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் இதற்கென்று தனிப் பேரினம் ஒன்றை அமைத்து, அதற்குச் சூடோட்சுகா என்று பெயரிட்டார். சூடோ என்பது கிரேக்கத்தில் பொய். ட்சுகா என்பது வேறொரு ஊசியிலை மரத்துக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர். ஆகப் 'பொய் ட்சுகா'. ஒரு மரத்துக்கு அது எதுவாக இல்லையோ அதைக் கொண்டு பெயர் வைத்தாயிற்று! இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சையின் கதையிலும் இதே வேடிக்கை நிகழவிருக்கிறது.

விரைந்து வளர்வது, நல்ல கட்டைதருவது என்பதால் ஐரோப்பியர் டக்ளஸ் ஃபிரைப் பெருமளவில் நட்டனர். நூறாண்டு கழிந்தது. 1925இல் சுவிட்சர்லாந்தின் தோப்புகளில் இம்மரத்தின் ஊசியிலைகள் மஞ்சளித்து, பழுப்பேறி, உரிய காலத்துக்கு முன்பே உதிர்வது கண்டறியப்பட்டது. சூரிச் உயர்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எர்ன்ஸ்ட் கோய்மான் இதை ஆராய்ந்து, டக்ளஸ் ஃபிரின் புதியதொரு நோய் என்று 1930இல் எழுதினார். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுநரம்பின் இருபுறமும் கரும்புள்ளிகள் வரிசை பிடித்து நின்றன. கோலமிடுவதற்கு வைத்த புள்ளிகள் போல அவ்வளவு ஒழுங்கு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியது. அந்த ஒழுங்குக்குக் காரணம் பூஞ்சையின் கலையுணர்வு அன்று. ஊசியிலையின் சுவாசத் துளைகள் அவ்வாறு வரிசையாக அமைந்தவை. ஒவ்வொரு துளையிலிருந்தும் பூஞ்சையின் கனியுடல் ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது.

சில ஆண்டுகளில் ஜெர்மனி முதலான அண்டை நாடுகளிலும் பிரிட்டனிலும் நோய் தென்பட்டது. முதலில் பார்த்த இடத்தின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது.

பூஞ்சைக்கும் பெயர் வேண்டுமே. 1930களில் ரோடே என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு அடிலோபஸ் கோய்மானியை என்று பெயரிட்டார். ஃபிர் மரங்களின் இலைகளில் வாழும் கரும்பூஞ்சைகளுக்கென்று முன்பே ஏற்பட்டிருந்த பேரினம் அடிலோபஸ். 1938இல் ஆஸ்திரியப் பூஞ்சையியலார் பெட்ராக் அதை மாற்றி ஃபேயோகிரிப்டோபஸ் என்ற பேரினத்தில் வைத்தார். அது நவுமோவ் என்ற ரஷ்யர் 1915இல் அமைத்தது. கிரேக்க வேர்களைப் பிரித்தால் 'கருநிற மறைகால்' என்று பொருள்படும். கால் இலைக்குள் மறைந்திருக்க, உடல் வெளியே கறுத்துத் தெரிவதற்குப் பொருத்தமான காரணப்பெயர்தான். அப்பேரினத்துக்கு முதலாக வைக்கப்பட்ட சிற்றினம் ஃபிர் மரத்தில் வாழ்வது. அதுவும் ஊசியிலையில் வாழ்வது, அதுவும் துளைவழியே எட்டிப் பார்ப்பது, அதுவும் கறுப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரும் உடன்பிறப்புகள் என்றே சொல்லியிருப்பர்.

இங்கே அக்காலப் பூஞ்சையியலின் பொது வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இத்தாலியின் பதுவா நகரத்துப் பேராசிரியர் சக்கார்தோ, உலகில் அதுவரை விவரிக்கப்பட்ட பூஞ்சைகள் அனைத்தையும் தொகுக்கும் பெருநூலை 1882இல் தொடங்கி வெளியிட்டார். அவர் வகுத்த முறையில் நிறத்துக்குப் பெரிய இடம் இருந்தது. இழைகள் வெளிறியிருந்தால் ஒரு குடும்பம், கறுத்திருந்தால் வேறு குடும்பம். கையில் உருப்பெருக்கியோடு வயலில் நிற்பவருக்கு இது மிக வசதியானது. அதனாலேயே நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் கறுப்பு என்பது என்ன? பூஞ்சையின் செல்சுவரில் படியும் மெலனின் என்ற நிறமி. வெயிலில் உள்ள புறஊதாக் கதிரையும் வறட்சியையும் தாங்கிக்கொள்ள அது உதவுகிறது. இலையின் மேற்பரப்பில் வெட்டவெளியில் வாழ வேண்டிய எந்தக் குலத்துப் பூஞ்சையும் இதை மேற்கொள்ளலாம். கறுப்புக் கோட்டு அணிந்தவரெல்லாம் ஒரே வீட்டார் என்று எவரும் சொல்வதில்லை. கோட்டு தொழிலைக் காட்டும், குலத்தைக் காட்டாது.

புறத்தோற்றத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், வைரம் வெளிப்புறத்தில் இருப்பதைப் புல் என்றும் உட்புறத்தில் இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. வானளாவ நிற்கும் பனை, அந்தக் கணக்கில் புல்லாகிவிடுகிறது. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே கொள்கிறது. இதைக் கொண்டு தொல்காப்பியர் நவீன அறிவியலை முன்னரே கண்டுவிட்டார் என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வெட்டிப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்ற அளவில் வியந்தால் போதும்.

பூஞ்சைகளை அவ்வாறு 'வெட்டிப் பார்க்கும்' முறையை 1953இல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து ஸ்டான்லி ஹியூஸ் முன்வைத்தார். நிறத்தையும் வடிவத்தையும் விடுத்து, பாலிலா வித்துகள் தாயிழையிலிருந்து எவ்வாறு பிறக்கின்றன என்பதைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்றார். இத்துறையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன் (1924-2016) இந்த நெறியில் உலகளவில் மதிக்கப்பட்டவர். 1971இல் வெளிவந்த அவருடைய இந்திய இழைப்பூஞ்சைகள் பற்றிய பெருநூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் டக்ளஸ் ஃபிரின் பூஞ்சைக்கு இந்தச் சீர்திருத்தமும் பயன்படவில்லை. காரணம் எளிது: அதற்குப் பாலிலா வித்துகளே இருப்பதாகத் தெரியவில்லை. ஆண்டுக்கொரு முறை வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கரும்புள்ளிகளிலிருந்து வெளிப்படும் பால்வழி வித்துகள் மட்டுமே அதன் இனப்பெருக்கம். அளவைக்கு உட்படாத பொருளாக அது நின்றது. இதனால் சில அறிஞர்கள் அதை ஒரு குடும்பத்தில் வைத்தனர். வேறு சிலர் வேறொரு குடும்பத்தில் வைத்தனர்.

இதற்கிடையே ஒரு திருப்பம் நேர்ந்துவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தின் வனநோயியலார் ஜான் போய்ஸ், இதே பூஞ்சை அமெரிக்க மேற்குக் கரையில் டக்ளஸ் ஃபிரின் சொந்தக் காடுகளில் பரவலாக இருப்பதை 1940இல் அறிவித்தார். அங்கே அது தீங்கற்ற துணையாக, பழைய இலைகளில் ஓசையின்றி வாழ்ந்துகொண்டிருந்தது. மரத்தோடு கூடவே ஐரோப்பாவுக்குச் சென்று, அங்குதான் முதன்முதலாக ஒரு விஞ்ஞானியின் கண்ணில் பட்டிருக்கிறது. நாற்றுகளோடு போயிருக்கலாம் என்பது ஊகம். ஊரில் யாரும் கண்டுகொள்ளாத ஒருவன் வெளியூரில் வழக்கில் சிக்கி, அந்த வெளியூரின் பெயராலேயே அறியப்படுவது போன்றது இது. போய்ஸின் கட்டுரைக்குப் பிறகாவது பெயர் மாறியிருக்கலாம். மாறவில்லை. நோய்ப்பெயர்களுக்குச் சட்டம் இல்லை, வழக்கே சட்டம்.

பெயரைவிட, அக்கட்டுரையிலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்ட செய்தி கனமானது. சொந்த மண்ணில் இது தீங்கு செய்யாது. அயலில் நட்டால்தான் சிக்கல். இந்த நம்பிக்கை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நின்றது. 1959இல் நியூசிலாந்தின் தோப்புகளில் பூஞ்சை தோன்றியபோது அது மேலும் உறுதிப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஐம்பதாண்டில் ஒரிகான் மாநிலத்தின் கடலோர மலைகளில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1933 ஆகஸ்டில் தில்லமூக் பகுதியில் பற்றிய தீ பழங்காடுகளைப் பேரளவில் அழித்தது. 1939, 1945, 1951 என ஆறாண்டுக்கு ஒருமுறை அதே பகுதி மீண்டும் மீண்டும் எரிந்தது. 'ஆறாண்டுப் பீடை' என்றே மக்கள் அதைக் கூறினர். எரிந்த நிலம் மொத்தம் ஏறத்தாழ 3,55,000 ஏக்கர். மாநில மக்கள் வாக்களித்துக் கடன்பத்திரம் வெளியிட இசைந்தனர். 1949 முதல் 1973 வரை அங்கே 7 கோடிக்கும் மேற்பட்ட நாற்றுகள் நடப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள் பேருந்துகளில் வந்து நட்டார்கள். நடப்பட்டதில் மிகப் பெரும்பகுதி டக்ளஸ் ஃபிர். தில்லமூக்கில் மட்டுமல்ல, கடலோரம் முழுவதும் வனத்தொழில் நிறுவனங்கள் அதையே நட்டன. சந்தையில் விலை போகும் மரம் அதுதானே. கடலை ஒட்டிய பனிமூட்ட நிலப்பட்டை இயல்பில் சிட்கா ஸ்புரூஸ், ஹெம்லாக் மரங்களின் நிலம் என்பதும், டக்ளஸ் ஃபிர் அங்கே சிறுபான்மையாகவே இருந்தது என்பதும் அப்போது பொருட்படுத்தப்படவில்லை.

1990களின் தொடக்கத்தில் அந்த இளந்தோப்புகள் மஞ்சளித்தன. நலமுள்ள மரம் மூன்று நான்கு ஆண்டுகளின் ஊசியிலைகளைத் தாங்கி நிற்கும். இங்கோ ஓராண்டு இலைகளே எஞ்சின. ஆய்ந்து பார்த்தால் அதே கரும்புள்ளிகள். தீங்கற்றது என்று ஒதுக்கப்பட்ட பழைய துணை.

அது செய்யும் வேலை விந்தையானது. பூஞ்சை இலையின் செல்களைக் கொல்வதில்லை. அவற்றின் இடைவெளிகளில் புகுந்து வாழ்கிறது. வசந்தத்தில் புதிதாக விரிந்த இலைமேல் வித்து விழுந்து, துளைவழியே உள்ளே போகிறது. மழைக்காலம் கடந்து, குளிர் மிதமாக இருந்தால் உள்ளே வளர்ச்சி விரைவுபடும். பின்னர் அதே துளைகளின் வாயில் கரிய கனியுடல்கள் உருவாகின்றன. அதாவது ஒவ்வொரு துளையிலும் ஓர் அடைப்பான். காற்று உட்புக வழியில்லை. இலை தன் உணவைச் செய்ய முடிவதில்லை. ஏறத்தாழப் பாதித் துளைகள் அடைபட்டதும் மரம் அந்த இலையை உதிர்த்துவிடுகிறது. மரம் பெரும்பாலும் சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. 1996ஆம் ஆண்டு வளர்ச்சியை அளந்தபோது, அப்பகுதியின் இளந்தோப்புகள் சராசரியாக 23 விழுக்காடு கட்டை வளர்ச்சியை இழந்திருந்தன. மிக மோசமான இடங்களில் இழப்பு பாதியைத் தாண்டியது. அதே 1996இல் விமானத்திலிருந்து நோயுற்ற காடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினர். 1997இல் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு கூட்டாய்வு அமைப்பு உருவாயிற்று. 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நோய்க்குறி தெரிந்த பரப்பு ஒரிகானில் மட்டும் 5,90,000 ஏக்கரை நெருங்கியது.

மரத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு இது சிறிய செய்தியன்று. 'சுவிஸ்' என்ற அடைமொழியோ கேட்பவர் மனத்தை அயல்நாட்டின் பக்கம் திருப்பிவிடும். உண்மையில் பூஞ்சை எங்கிருந்தும் வந்து சேரவில்லை. அதற்கு உகந்த ஈரமும் மிதகுளிரும் உள்ள நிலத்தில், அது உண்ணும் ஒரே மரத்தை ஒரே வயதில் வரிசையாக நட்டு வைத்தவர்கள் மனிதர்களே. என் மதிப்பீட்டில் அப்பெயரின் பெரிய குறை இதுதான்: அது தவறான திசையில் கைகாட்டுகிறது.

இத்தனை இழப்புக்குப் பிறகே, 'இது யார்?' என்ற பழைய கேள்விக்கு விடை காணப் பணமும் கருவிகளும் கிடைத்தன. 2007இல் வின்டன், ஸ்டோன், ஹேன்சன், ஷூமேக்கர் ஆகிய நால்வர் இப்பூஞ்சையின் டி.என்.ஏ.வில் ரைபோசோம் சார்ந்த பகுதிகளைப் படித்து, ஃபேயோகிரிப்டோபஸின் முதற்சிற்றினத்தோடு ஒப்பிட்டு வெளியிட்டனர். இரண்டும் வெவ்வேறு கிளைகளில் போய் அமர்ந்தன. ஃபிர் மரத்துப் பூஞ்சை ஒரு துறையில். டக்ளஸ் ஃபிரின் பூஞ்சை மைக்கோஸ்ஃபேரெல்லாவின் சுற்றத்தில். வாழைக்கு இலைப்புள்ளி நோய் தரும் பூஞ்சைகள் சிலவும் அந்தச் சுற்றத்தைச் சேர்ந்தவைதாம். அருகருகே வைத்து உடன்பிறப்புகள் என்று எழுபதாண்டு சொன்னவை தூரத்து உறவுகளே ஆயின. துளைவழியே எட்டிப் பார்க்கும் அந்தக் கறுப்புத் தலை, ஊசியிலை என்ற ஒரே வகை வீட்டில் குடியிருப்போர் தனித்தனியே கற்றுக்கொண்ட பழக்கம்.

பெயரிடும் விதிப்படி, பேரினத்தின் பெயர் அதன் முதற்சிற்றினத்துக்கே உரியது. அது எங்கே போகிறதோ பெயரும் அங்கே போகும். ஆகவே டக்ளஸ் ஃபிரின் பூஞ்சை பெயரை விட்டுவிட்டு வெளியேற வேண்டும். எங்கே போவது? மைக்கோஸ்ஃபேரெல்லா என்ற பெரிய வீடே அப்போது பாகப்பிரிவினையில் இருந்தது. 2011இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு, ஒரு பூஞ்சையின் பால்நிலைக்கும் பாலிலா நிலைக்கும் தனித்தனிப் பெயர் வழங்கிய பழைய ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பாகப்பிரிவினை மேலும் விரைவுபட்டது. பத்தாண்டுக் காலம் இப்பூஞ்சை, தனக்குரியதல்ல என்று எல்லோருக்கும் தெரிந்த பெயரோடு ஆய்வேடுகளில் நடமாடியது.

2017இல் நெதர்லாந்தின் உத்ரெக்டைச் சேர்ந்த குழு அந்தக் குடும்பம் முழுவதையும் மறுஆய்வு செய்து வெளியிட்ட நீண்ட கட்டுரை, குழப்பமா தெளிவா என்று தலைப்பிலேயே கேட்டது. அதில்தான் நம் பூஞ்சைக்குத் தனிப் பேரினம் கிடைத்தது. பெயர்: நோதோஃபேயோகிரிப்டோபஸ். நோதோ என்பது கிரேக்கத்தில் போலி, முறையற்றது. ஆகப் 'போலிக் கருநிற மறைகால்'. 150 ஆண்டுகளுக்கு முன் மரத்துக்கு நேர்ந்ததே பூஞ்சைக்கும் நேர்ந்தது. பொய் ட்சுகாவின் இலையில் போலி ஃபேயோகிரிப்டோபஸ்! இரண்டுமே தாம் எவை அல்ல என்பதாலேயே பெயர் பெற்றவை. அகராதி பார்த்து இதை அறிந்த நாளில் வகுப்பில் இலக்கணப் பாடத்துக்கு இடையே மாணவர்களிடம் சொன்னேன். இடுகுறியா காரணமா என்று ஒரு நல்ல வழக்காடலே நடந்தது. எதிர்மறைக் காரணமும் காரணமே என்று வாதிட்ட மாணவியின் பக்கம்தான் நானும்.

அடிலோபஸ், ஃபேயோகிரிப்டோபஸ், நோதோஃபேயோகிரிப்டோபஸ் என்று முதற்பெயர் இரண்டுமுறை மாறியும் இரண்டாவது பெயர் மாறாமல் நிற்கிறது: கோய்மானியை. முதலில் உற்றுப் பார்த்தவரின் பெயர். 1963இல் மறைந்த கோய்மான் இந்த டி.என்.ஏ. காலத்தைக் காணவில்லை.

வகைப்பாடு இத்தோடு முடிந்துவிடவுமில்லை. 2006இலேயே வின்டன் குழுவினர் வேறொன்றைக் கண்டிருந்தனர். ஒரிகான் கடலோரத்து மாதிரிகளை மரபணு அடிப்படையில் ஒப்பிட்டபோது அவை இரண்டு தனித்தனி வழிமரபுகளாகப் பிரிந்தன. ஒரே காட்டில் அருகருகே வாழ்ந்தும் அவை தம்முள் கலப்பதாகத் தெரியவில்லை. முதலாவது வழிமரபு பரவலானது. ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் இருப்பது அதுவே. இரண்டாவது அமெரிக்காவின் மேற்குக் கடலோரக் காடுகளை விட்டு நீங்காதது. நோய் கடுமையாக உள்ள கடற்பட்டையில் அது மிகுதி. உருப்பெருக்கியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அதே துளை, அதே கரும்புள்ளி. 2017இல் சூட்டிய புதுப்பெயர் இவ்விரண்டையும் ஒன்றாகவே அழைக்கிறது.